தகுதியின் விலை: கறுப்பின ஆசிரியர்களும் பட்டச் சான்றிதழின் நூறாண்டும்



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அதனால் இந்த ஆண்டு உரையை ஆசிரியர்களைப் பற்றியே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். ஆனால் பேசப்போவது நம் ஊர் ஆசிரியர்களைப் பற்றி அல்ல. அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு விதிக்கப்பட்ட ஒரு பட்டத் தகுதியையும், அதற்குப் பின்னால் கிடக்கும் நீண்ட வரலாற்றையும் பற்றி. எங்கோ நடந்த கதை நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். ‘தகுதி’ என்ற சொல்லை நேர்முகத் தேர்வு அறையில் ஒருமுறையாவது கேட்டுத் தலைகுனிந்து வெளியே வந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

முதலில் விதி என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் பள்ளி மாணவர் ஒருவர், தன் பள்ளியிலேயே, தன் ஆசிரியரிடமே கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் படிக்கலாம். அந்த மதிப்பெண் ஒரு கல்லூரியின் பதிவேட்டிலும் ஏறும். டூயல் கிரெடிட் என்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலேயே பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவித்துத் தன் பாடங்களைப் பள்ளிகளில் நடத்தியது. மினசோட்டா 1985இல் பள்ளி மாணவர் கல்லூரிப் பாடம் படிப்பதற்கென்றே மாநிலச் சட்டம் கொண்டுவந்தது. 2022-23 கல்வியாண்டில் கிட்டத்தட்ட 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிக் கல்லூரிப் பாடம் படித்தார்கள். இதில் மிகப் பரவலான பாடங்களில் ஒன்று முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி. கல்லூரிக் கட்டணம் மலைபோல் உயர்ந்துவிட்ட நாட்டில், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு பாடம் முன்கூட்டியே முடிவது சாதாரண விஷயமல்ல. கல்லூரி வாசலையே பார்க்காத குடும்பத்தில் பிறந்தவருக்கு, ‘நானும் கல்லூரிப் படிப்பு படிக்க முடியும்’ என்ற நம்பிக்கை அங்கேதான் கிடைக்கிறது.

இந்தப் பாடத்தை யார் நடத்தலாம்? நம் ஊர் நாக் போல அங்கே கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்புகள் வட்டாரவாரியாக உண்டு. அவற்றில் ஒன்று, 19 மாநிலங்களைத் தன் வட்டாரமாகக் கொண்டிருந்த, சிகாகோவில் இயங்கும் ஹையர் லேர்னிங் கமிஷன். 2015இல் அது அழுத்திச் சொன்னது: கல்லூரிப் பாடம் நடத்துபவர் பள்ளி ஆசிரியராகவே இருந்தாலும் அந்தப் பாடத்தில் முதுகலை பெற்றிருக்க வேண்டும், அல்லது வேறு முதுகலையோடு, அந்தப் பாடத்தில் மட்டும் 18 கிரெடிட் முதுகலை நிலையில் படித்திருக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால், ஆறு பாடங்கள். தென் மாநிலங்களின் அங்கீகார அமைப்பில் இந்த 18 கணக்கு ஏற்கெனவே இருந்தது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கல்லூரிப் பாடம் நடத்துபவர் கல்லூரி ஆசிரியருக்குரிய படிப்பு படித்திருக்க வேண்டாமா? ஆனால் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களில் முதுகலை படித்தவர்களில் பெரும்பாலோர் படித்திருப்பது கல்வியியலில். நம் ஊர் எம்.எட். போன்றது. சம்பள உயர்வுக்கு அதுதான் கணக்கு. பள்ளி நிர்வாகங்களே அதைப் படிக்கச் சொன்னவை. இருபது ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி, இரவு வகுப்பில் எம்.எட். முடித்து, பத்தாண்டாக டூயல் கிரெடிட் வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தவரிடம், ‘உங்கள் முதுகலை ஆங்கிலத்தில் இல்லை, இந்த வகுப்பு எடுக்க நீங்கள் தகுதியற்றவர்’ என்று சொல்லப்பட்டது. மீண்டும் ஆறு பாடம் படிக்க வேண்டும். ஒரு கிரெடிட்டுக்குச் சில நூறு டாலர். யார் கட்டுவது? விதியில் அதற்குப் பதில் இல்லை.

இங்கே ஒரு தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் கல்லூரியான டீச்சர்ஸ் காலேஜுக்கும் நடுவே ஓடுவது 120ஆம் தெரு. உலகத்திலேயே அகலமான தெரு அதுதான் என்று அங்கே ஒரு கேலி உண்டு. ஒரு பக்கம் இலக்கியமும் தத்துவமும் படித்தவர்கள். மறுபக்கம் ‘வெறும்’ வாத்தியார்கள். ஜான் டூயி மாதிரி ஒரு சிலர் இரு பக்கமும் பாடம் நடத்தினார்கள். மற்றபடி அறிவு ஒரு பக்கம், அதைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் உழைப்பு மறுபக்கம். இப்படிப் பிரித்து ஒன்றை மேல், ஒன்றைக் கீழ் என்று வைப்பது நமக்குப் பழகிய வேலைதான். 18 கிரெடிட் விதி அந்தத் தெருவின் அகலத்தை 19 மாநிலங்களுக்கு நீட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தத் தெருவை நாம் அறிவோம். 1913இல் பரோடா உதவித்தொகையோடு அம்பேத்கர் வந்து சேர்ந்தது இந்தக் கொலம்பியாவுக்குத்தான். 1915இல் முதுகலை முடித்தார். 1916 மே மாதம் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் கட்டுரையை இங்கேதான் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் படித்தார். அவர் அங்கே மாணவராக இருந்த 1914இல், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பள்ளி ஆசிரியை அதே கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கத் தொடங்கினார். அவர் பெயர் ஆனா ஜூலியா கூப்பர். இருவரும் சந்தித்தார்கள் என்று நாம் கதை கட்ட வேண்டியதில்லை. ஒரே காலத்தில், ஒரே வளாகத்தில், தன் மக்களுக்கு மறுக்கப்பட்ட பட்டத்தைத் தேடி இருவர் வந்திருந்தார்கள் என்பதே போதும்.

கூப்பர் 1858இல் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியில் இளங்கலையும் முதுகலையும் பெற்று, வாஷிங்டன் நகரின் எம் ஸ்ட்ரீட் பள்ளியில் ஆசிரியராகி, 1902இல் அதன் தலைமையாசிரியர் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமான உயர்நிலைப் பள்ளி அது. கறுப்பின மக்களுக்குத் தொழிற்கல்வி போதும் என்ற குரல் ஓங்கியிருந்த நேரத்தில் அவர் லத்தீனையும் இலக்கியத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய மாணவர்கள் ஹார்வர்டு வரை போனார்கள். 1906இல் அவருக்கு மறுநியமனம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குச் சாதாரண ஆசிரியராகத் திரும்பி வந்தார். கொலம்பியாவில் தொடங்கிய படிப்பும் முடியவில்லை. இறந்துபோன உறவினரின் ஐந்து குழந்தைகளை எடுத்து வளர்க்க வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு ஓராண்டு நியூயார்க்கில் தங்கிப் படிக்க வழியில்லை. முனைவர் பட்டம் 1925இல் பாரிஸின் சோர்போனில் கிடைத்தது. அப்போது அவருக்கு 66 வயது. பட்டம் பெற்ற பிறகும் அவர் பள்ளி ஆசிரியர்தான்.

அந்தப் பள்ளி 1916இல் புதிய கட்டடத்துக்கு மாறி டன்பார் உயர்நிலைப் பள்ளி ஆனது. அதன் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால் இன்றைய பல்கலைக்கழகத் துறைகளே வெட்கப்படும். ஹார்வர்டில் 1912இல் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் ஜி. உட்சன் அங்கே பாடம் நடத்தினார். நாவலாசிரியர் ஜெஸ்ஸி ஃபாசெட் நடத்தினார். 1921இல் அமெரிக்காவில் முதன்முதலாக மூன்று கறுப்பினப் பெண்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள்; அவர்களில் இருவர் டன்பார் ஆசிரியர்கள். ஒருவர் ஜார்ஜியானா சிம்சன், ஜெர்மன் மொழியில். மற்றவர் ஈவா டைக்ஸ், ராட்கிளிஃப் கல்லூரியில், ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். இன்றைய விதியின் கண்ணில் பார்த்தால் மிகைத் தகுதி.

ஏன் இருந்தார்கள் அங்கே? பிள்ளைகள் மீதிருந்த அன்பு ஒரு காரணம். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களை ஆசிரியராகச் சேர்க்காது என்பது இன்னொரு காரணம். டைக்ஸ் 1929இல் கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்டுக்குப் போகும்வரை பள்ளியில்தான் இருந்தார். ஒதுக்கிவைத்தலின் விளைவாக ஒரு பள்ளி ஓங்கியது என்று சிலர் இதைக் கொண்டாடுவார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. நல்ல பள்ளி அமைந்தது உண்மை. அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்த ஆசிரியர்கள்.

டன்பார் ஒரு தலைநகரப் பள்ளி. தெற்கின் கிராமங்களில் கறுப்பின ஆசிரியர் முதுகலை படிக்க விரும்பினால்? சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடமில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் முதுகலைப் படிப்பே இல்லை. சில மாநிலங்கள் ஒரு தந்திரம் செய்தன: ‘வெளிமாநிலம் போய்ப் படி, கட்டணம் தருகிறோம்’ என்றன. பணம் கொடுத்தாவது தங்கள் வளாகத்தைத் தீட்டுப்படாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று நாம் சொல்லலாம். அப்படித்தான் கோடை விடுமுறைதோறும் தெற்கிலிருந்து கறுப்பின ஆசிரியர்கள் ரயிலேறி வடக்கே போனார்கள். அவர்களில் கணிசமானோர் இறங்கிய இடம் 120ஆம் தெரு, டீச்சர்ஸ் காலேஜ். ஒரு கோடையில் இரண்டு பாடம், அடுத்த கோடையில் இரண்டு பாடம் என்று வருடக்கணக்கில் சேர்த்து முதுகலை வாங்கினார்கள். பக்கத்து ஊரில் படித்த வெள்ளை ஆசிரியரைவிட உயர்ந்த பட்டத்தோடு தகரக்கூரைப் பள்ளிக்குத் திரும்பினார்கள். இந்த வெளிமாநில ஏற்பாடு சமத்துவம் ஆகாது என்று 1938இல் லாயிட் கெய்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஓக்லஹோமாவுக்கு வருவோம். ஜார்ஜ் மெக்லாரின் அந்த மாநிலத்தின் கறுப்பினக் கல்லூரியான லாங்ஸ்டனில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; முதுகலை பெற்றவர். கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்க ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவரைச் சேர்த்தால் குற்றம் என்று மாநிலச் சட்டம் இருந்தது. வழக்குப் போட்டு 1948இல் நுழைந்தார். வகுப்பறையை ஒட்டிய சிறு அறையில் அவருக்கு மேசை. நூலகத்தில் மாடி ஓரத்தில் தனி மேசை. மற்ற மாணவர் உட்காரும் வாசிப்பறைக்கு வரக் கூடாது. உணவகத்தில் தனி மேசை, தனி நேரம். பிறகு வகுப்பறைக்குள் இடம் கொடுத்தார்கள். ஆனால் அவர் இருக்கையைச் சுற்றி ஒரு தடுப்பு, அதில் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்ற அறிவிப்பு. சாக்குப் பையை வீட்டிலிருந்து எடுத்துப்போய் வகுப்பறை மூலையில் விரித்து உட்கார்ந்த சிறுவன் பீமாராவை நாம் நினைக்காமல் இருக்க முடியுமா? ஆனால் இங்கே தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தவர் தன் வாழ்நாளெல்லாம் மாணவர்களை உருவாக்கி ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர்.

1950 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தடுப்பை அகற்றச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் ஆசிரியர்களுக்கு முக்கியமான ஒரு வாதம் உண்டு. இவர் நாளை பிறருக்குக் கற்பிக்கப் போகிறவர்; இவருடைய பயிற்சியில் குறை வைத்தால் அது இவரோடு நிற்காது, இவரிடம் படிக்கும் எல்லோருக்கும் இறங்கும் என்றது நீதிமன்றம். ஆசிரியரின் மேற்படிப்பு அவருடைய சொந்தச் சொத்து அல்ல, பிள்ளைகளின் பங்கும் அதில் இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அதே ஓக்லஹோமா பின்னாளில் 18 கிரெடிட் விதிக்குள் வந்த மாநிலங்களில் ஒன்று.

இதற்கிடையே சம்பளப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கறுப்பின ஆசிரியருக்கு ஒரு சம்பளம், வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பளம் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருந்த காலம். வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் வேதியியல் ஆசிரியை ஏலின் பிளாக், பென்சில்வேனியா பல்கலைக்கழக முதுகலை பெற்றவர், 1939இல் வழக்குத் தொடுத்தார். பள்ளி நிர்வாகம் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்து மெல்வின் ஆல்ஸ்டன் என்ற ஆசிரியர் பெயரில் வழக்கு நடந்தது. துர்குட் மார்ஷலும் அவர் தோழர்களும் 1940இல் வென்றார்கள். தென் கரோலினாவில் 1944, 1945இல் நீதிபதி வேரிங் இதே திசையில் தீர்ப்பளித்தார்.

நிறத்தைச் சொல்லிக் குறைத்துக் கொடுக்க முடியாது என்றானதும் புதிய சொல் ஒன்று தேவைப்பட்டது. அந்தச் சொல்தான் தகுதி. 1945இல் தென் கரோலினா, நேஷனல் டீச்சர் எக்ஸாமினேஷன் என்ற தேர்வைச் சான்றிதழோடு கட்டியது. மதிப்பெண்ணுக்கேற்ப ஏ, பி, சி, டி என நான்கு தரச் சான்றிதழ், தரத்துக்கேற்பச் சம்பளம். வாழ்நாளெல்லாம் பாதிப் பணத்தில் நடந்த பள்ளிகளில் படித்தவர்கள் எந்தத் தரத்தில் விழுவார்கள் என்பது முன்பே தெரிந்த கணக்கு. 1940இல் தொடங்கிய அந்தத் தேர்வை உருவாக்கித் தென் மாநில அதிகாரிகளிடம் பரப்பியதில் முன்நின்றவர் பென் டி. வுட். அவர் எங்கே பேராசிரியர்? கொலம்பியாவில். அம்பேத்கருக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் அது. தெற்கின் கறுப்பின ஆசிரியர்களுக்குக் கோடைதோறும் பாடம் சொன்ன கல்லூரியும் அதனோடு இணைந்ததுதான். அவர்களைச் சலித்தெடுக்கும் சல்லடையும் அங்கிருந்தே வந்தது. ஒரு நிறுவனத்தைக் கும்பிடவும் வேண்டாம், சபிக்கவும் வேண்டாம் என்று நாங்கள் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

1954இல் பிரவுன் தீர்ப்பு வந்தது. பள்ளிகள் இணைந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். 17 மாநிலங்களில் 1954க்கும் 1965க்கும் இடையே 38,000க்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள் என்பது பரவலாக எடுத்துச் சொல்லப்படும் கணக்கு. கோடை கோடையாக ரயிலேறிச் சேர்த்த முதுகலைப் பட்டங்கள் அவர்களைக் காப்பாற்றவில்லை. தகுதி இருந்தபோது நிறம் குறுக்கே வந்தது. நிறத்தைச் சட்டம் விலக்கியபோது தகுதி குறுக்கே வந்தது.

மிசிசிப்பியின் ஸ்டார்க்வில் நகரத்துக் கதை இதற்கு நல்ல உதாரணம். பள்ளிகளை இணைக்கும் நேரத்தில் அந்த நிர்வாகம் ஒரு விதி போட்டது: ஆசிரியராக நீடிக்க வேண்டுமானால் ஜிஆர்இ தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண், இல்லையென்றால் முதுகலைப் பட்டம். ஜிஆர்இ என்பது மேற்படிப்பில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. வகுப்பறையில் ஒருவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்று அளக்க உருவானதல்ல. இதைச் சுட்டி, அந்த மதிப்பெண் நிபந்தனை செல்லாது என்று 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை. தென் கரோலினா 1976இல் தன் தேர்வின் கட்-ஆஃப் மதிப்பெண்ணை உயர்த்தியது. அந்த உயர்வால் கறுப்பின விண்ணப்பதாரர்களில் 83 விழுக்காடும் வெள்ளையரில் 17.5 விழுக்காடும் தகுதியிழப்பார்கள் என்ற கணக்கு நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. ஆனாலும் பாகுபடுத்தும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று 1977இல் கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 1978இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த வரலாற்றோடுதான் 2015இன் விதியைப் படிக்க வேண்டும். விதியை எழுதியவர்கள் யாரையும் விலக்கும் நோக்கத்தோடு எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. நோக்கத்தைத் தேடுவது வீண்வேலை; தென் கரோலினா வழக்கு அதைத்தான் கற்றுத்தருகிறது. விளைவைப் பார்க்க வேண்டும். பணக்காரப் புறநகர்ப் பள்ளி, ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்த ஆசிரியரைத் தேடிப் பிடித்துவிடும். ஒரே ஓர் ஆங்கில ஆசிரியரை வைத்துக்கொண்டிருக்கும் கிராமத்துப் பள்ளியிலோ, பூர்வகுடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ, அந்த ஒருவர் தகுதியிழந்தால் கல்லூரிப் பாடமே நின்றுவிடும்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. பள்ளியில் கல்லூரிப் பாடம் என்பதற்கு டூயல் கிரெடிட்டுக்கு முன்பே வேறொரு வழி இருந்தது: அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். 1950களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று உயர்குடித் தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் கூடிப்பேசியதில் அதற்கு வேர் இருக்கிறது. அதில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியருக்கு முதுகலை நிபந்தனை இல்லை. ஆண்டு இறுதியில் மாணவர் தேர்வெழுதுவார், அவ்வளவுதான். உயர்குடிப் பள்ளியில் பிறந்த திட்டம் தன் ஆசிரியரை நம்பியது. பொதுப்பள்ளிகளில் பரவிய திட்டத்தில் ஆசிரியரின் சான்றிதழைக் கேட்கிறார்கள். முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தின் பிறப்பும் இப்படித்தான்: 1874இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்து, வந்த பிள்ளைகளின் எழுத்தைக் கண்டு முகம் சுளித்து, 1885இல் ‘இங்கிலிஷ் ஏ’ என்று ஒரு பாடம் வைத்தது.

அப்படியானால் தகுதியே வேண்டாமா? இந்த உரையைத் தயாரிக்கும்போது எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது இதில்தான். விதியைத் தூக்கியெறி என்றார்கள் சில தோழர்கள். நாங்கள் அந்தப் பக்கம் சாயவில்லை. ‘உங்கள் பிள்ளைகளுக்கு இது போதும்’ என்பதுதான் நம்மீது வீசப்பட்ட முதல் கல். கூப்பர் வேலையிழந்தது அதை எதிர்த்து நின்றதால்தான். கல்லூரிப் பாடம் என்று பெயர் வைத்து நீர்த்த பாடத்தை ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்து, பிறகு பல்கலைக்கழகத்தில் அவர் திணறுவதைப் பார்த்து உதடு பிதுக்குவதும் வன்முறையே. ஆங்கிலம் நடத்துபவர் ஆங்கிலத்தை ஆழமாகப் படித்திருக்கட்டும். மெக்லாரின் தீர்ப்பின்படி அது பிள்ளைகளின் பங்கு என்றால், அதன் செலவும் நேரமும் பொதுச் செலவாக இருக்க வேண்டும். ஆசிரியரின் சம்பளத்திலிருந்து, அவர் தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது.

முடியாத காரியமும் இல்லை. மினசோட்டாவில் சட்டமன்றம் நிதி ஒதுக்கியது. மூர்ஹெட் நகரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகம் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே இணையவழியில் அந்த 18 கிரெடிட்டைக் கட்டணமின்றிப் படிக்க வழி செய்தது. இந்தியானாவிலும் ஆசிரியர்களின் படிப்புச் செலவை ஏற்கும் திட்டங்கள் வந்தன. மற்ற இடங்களில் ஆசிரியர்கள் தாங்களே கடன் வாங்கினார்கள், அல்லது வகுப்பை விட்டார்கள். 2017 என்ற கெடு, விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு 2022 வரை நீண்டது. கொரோனாவுக்குப் பிறகு இன்னும் நீண்டது. 2023இல் ஆணையமே விதியைத் தளர்த்தி, ஆசிரியரின் தகுதியை நிர்ணயிக்கும் பொறுப்பைப் பெருமளவு கல்லூரிகளிடம் விட்டது. கடன் வாங்கி ஆறு பாடம் முடித்தவர்களுக்கு அந்தப் பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

டூயல் கிரெடிட் வகுப்புகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இன்று கணக்கெடுத்து வெளியிடும் ஆய்வு மையங்களில் முக்கியமான ஒன்று டீச்சர்ஸ் காலேஜில், அதே 120ஆம் தெருவில் இருக்கிறது. மேலே சொன்ன 25 லட்சம் பற்றிய ஆய்வும் அங்கே நடந்ததுதான். பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் இருக்கும் விகிதத்துக்கும் இந்த வகுப்புகளில் அவர்கள் இருக்கும் விகிதத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அந்த மையம் தொடர்ந்து எழுதி வருகிறது. பள்ளம் இன்னும் தூரவில்லை.